டிஸ்கஸை அடையாளம் காண, முதலில் கறுப்பைப் பாருங்கள்

சென்னை கொளத்தூர் மீன் கடைத்தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்தடுத்த இரண்டு தொட்டிகள், இரண்டிலும் டிஸ்கஸ் என்ற தட்டு வடிவ வண்ணமீன்கள். இரண்டின் கண்ணாடியிலும் மார்க்கர் பேனாவால் 'லெப்பர்ட்' என்று வகைப் பெயர் எழுதியிருந்தது. முதல் தொட்டி மீன்களுக்கு வெளிர்நீல உடம்பு, அதன்மேல் வரிசை கட்டிய செம்புள்ளிகள். இரண்டாவது தொட்டியில் ஆரஞ்சு உடம்பு, அதன்மேல் வெண்ணீலத் திட்டுகள். குனிந்து பார்த்தால் துடுப்பிலும் வால் பக்கத்திலும் மிளகுத்தூளை உதறிவிட்ட மாதிரி கறுப்புப் பொட்டுகள் தெரிந்தன. விலையும் ஒன்றேதான். பக்கத்தில் நின்றிருந்த கல்லூரிப் பையன், "இதுல எதுண்ணா ஒரிஜினல் லெப்பர்ட்?" என்று கேட்டான். கடையில் நின்றபடி ஒரே வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொன்ன பதிலின் நீண்ட வடிவம்.

டிஸ்கஸ் வளர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். பிஜன் பிளட், ப்ளூ டைமண்ட், செக்கர்போர்ட், ரெட் மெலன், ஸ்நேக் ஸ்கின் என்று அது நீண்டுகொண்டே போகும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பெயர்கள் சேரும். ஒரு நாட்டுப் பண்ணையில் ஒரு பெயரில் விற்கும் மீன் அடுத்த நாட்டில் வேறு பெயரில் விற்கும். நாய் இனங்களுக்கு இருப்பதுபோல எல்லோரும் ஒப்புக்கொண்ட பதிவேடு டிஸ்கஸுக்குக் கிடையாது. பண்ணைக்காரர் வைத்ததுதான் பெயர். அதனால் பெயரில் தொடங்கினால் குழப்பம் தீராது. நான் கற்றுக்கொண்ட வழி வேறு. மீனின் உடம்பில் உள்ள கறுப்பு நிறத்துக்கு என்ன ஆகியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டிஸ்கஸ் வகைகளின் வரலாறு முழுக்க அந்தக் கறுப்புப் பட்டைகளின் வரலாறுதான் என்பது என் கருத்து. சிவப்பும் நீலமும் அதற்கு அப்புறம்.

காட்டு டிஸ்கஸின் உடம்பில் செங்குத்தாக ஒன்பது கறுப்புப் பட்டைகள் உண்டு. முதல் பட்டை கண்ணின் வழியாக இறங்குகிறது. ஒன்பதாவது வாலின் அடியில் நிற்கிறது. இவை சட்டையில் அச்சடித்த கோடு மாதிரி நிலையானவை அல்ல. மீன் நிம்மதியாக இருக்கும்போது மங்கும், சில மீன்களில் முழுதாக மறைந்தும் போகும். மிரண்டால், சண்டை வந்தால், தண்ணீர் கெட்டால், உடம்புக்கு முடியாமல் போனால் சட்டென்று திரும்பி வரும். வளர்ப்பவர்கள் இதை 'ஸ்ட்ரெஸ் பார்', அதாவது பதற்றப் பட்டை, என்கிறார்கள். பேச முடியாத மீன் நம்மிடம் பேசும் மொழி இது.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். டிஸ்கஸின் தோலில் மூன்று வகையான நிற அணுக்கள், அதாவது நிறம் தரும் செல்கள், முக்கியமானவை. கறுப்புக்கு மெலனின் என்ற கறுப்பு நிறமி உள்ள அணுக்கள். மெலனின் துகள்கள் அணுவுக்குள் விரிந்தால் தோல் கருக்கும், நடுவில் குவிந்தால் வெளுக்கும். பட்டைகள் தோன்றி மறையும் வித்தை இதுதான். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் தனி அணுக்கள். அவற்றுக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை மீனால் தானே தயாரிக்க முடியாது, உணவில் இருந்துதான் வர வேண்டும். மூன்றாவது நீலம். நீலத்துக்குச் சாயமே கிடையாது. குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நம் கண்ணுக்கு நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது. மயில் இறகின் கணக்கும் இதே மாதிரிதான். ஆகவே சிவப்புக்குத் தீனி போடலாம், நீலத்துக்குப் போட முடியாது. நீலம் பிறப்பிலேயே வருவது.

சரி, காட்டிலிருந்து தொடங்குவோம். பிரேசிலில் பல ஆண்டுகள் சுற்றி உயிரினங்களைச் சேகரித்த யோஹான் நாட்டரர் அனுப்பிய மாதிரியை வைத்து, வியன்னாவில் இருந்த யோஹான் யாகோப் ஹெக்கல் 1840-இல் இந்த மீனை முதன்முதலாக விவரித்தார். சிம்ஃபைசோடன் டிஸ்கஸ் என்று பெயரிட்டார். வட்டத் தட்டு மாதிரி இருக்கும் உடம்பால் வந்த பெயர். இன்றைக்கும் அந்த வகையை ஹெக்கல் டிஸ்கஸ் என்றே அழைக்கிறோம். அடையாளம் காண இதைவிட எளிய டிஸ்கஸ் இல்லை. ஒன்பது பட்டைகளில் முதலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது மூன்றும் தடித்திருக்கும். அதிலும் நட்ட நடுவில் உள்ள ஐந்தாம் பட்டை மை தடவியதுபோல் அகன்று நிற்கும். மற்றவை மங்கல். உடம்பு முழுக்க மெல்லிய நீல வரிகள் நெடுக்காக ஓடும். நடுப்பட்டையைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஹெக்கலின் ஊர் ரியோ நெக்ரோ. டீ டிகாக்ஷன் நிறத்தில் ஓடும் நதி அது. கார அமில அளவு (pH) 5-க்கும் கீழே இறங்கும், உப்புச்சத்து அநேகமாக இல்லாத தண்ணீர். ஞமுண்டா, திரோம்பேட்டாஸ் ஆறுகளிலும் ஹெக்கல் உண்டு. நம் ஊர் போர் தண்ணீருக்கு ரியோ நெக்ரோ தண்ணீர் நேர் எதிர். ரியோ நெக்ரோ கரையில் உள்ள பார்செலோஸ் என்ற சிற்றூர் வண்ணமீன் பிடிப்பில் பேர்போனது. அங்கே ஆண்டுதோறும் வண்ணமீன் திருவிழா நடக்கிறது. ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிப் பாடிப் போட்டியிடும். ஓர் அணிக்குக் கார்டினல் டெட்ரா என்ற சிறு மீனின் பெயர், இன்னொன்றுக்கு அகாரா டிஸ்கோ, அதாவது டிஸ்கஸ். ஒரு மீனுக்காக ஊர் இரண்டுபட்டுக் கொண்டாடுவதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஹெக்கலைத் தவிர்த்தால் மற்ற காட்டு டிஸ்கஸ்களுக்கு ஒன்பது பட்டைகளும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும். அவற்றைப் பிரவுன், ப்ளூ, கிரீன் என்று மூன்றாகச் சொல்வது வளர்ப்பவர்களின் பழைய வழக்கம். பிரவுனுக்கு நீல வரிகள் முகத்திலும் முதுகு ஓரத்திலும், வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் உள்ள குதத்துடுப்பின் ஓரத்திலும்தான் இருக்கும், விலாப்பகுதி வெறும் பழுப்பு. ப்ளூவில் அந்த வரிகள் இன்னும் உள்ளே இறங்கி வரும். உடம்பு முழுக்க அறுந்துபோகாமல் வரி ஓடினால் அதை ராயல் ப்ளூ என்கிறார்கள். நூறு மீன் பிடித்தால் ஒன்றிரண்டு கிடைத்தாலும் அதிர்ஷ்டம் என்ற தரம் அது. கிரீன் மேற்கு அமேசானைச் சேர்ந்தது, தெஃபே, கோவாரி பக்கம். பச்சை கலந்த உடம்பு, குதத்துடுப்பில் செம்புள்ளிகள். நல்ல மீனில் அந்தப் புள்ளிகள் வயிற்றிலும் விலாவிலும் பரவியிருக்கும். ரெட் ஸ்பாட்டட் கிரீன் என்று தேடுகிறார்களே, அது இதுதான். முதுகுத் துடுப்பிலும் குதத்துடுப்பிலும் தடித்த கறுப்பு விளிம்பு சுற்றி ஓடுவதும் கிரீனின் அடையாளம்.

அறிவியல் பெயரைப் பிடித்துக்கொண்டால் தெளிவாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ரெடி, ஃபெரேரா, குலாண்டர் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ப்ளூவும் பிரவுனும் சிம்ஃபைசோடன் இக்விஃபாசியாடஸ் என்றும், கிரீன் சிம்ஃபைசோடன் டார்ஸூ என்றும் பிரித்தது. மறு ஆண்டு ஹைக்கோ பிளெஹெரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் அதே இக்விஃபாசியாடஸ் என்ற பெயர் கிரீனுக்குப் போனது. ப்ளூவும் பிரவுனும் ஹரால்டி ஆகின. ஒரே லத்தீன் பெயர், இரண்டு ஆய்வில் இரண்டு மீன். ஆகவே யாராவது 'இக்விஃபாசியாடஸ்' என்று மட்டும் சொன்னால், எந்தப் பகுப்பின்படி என்று கேட்காமல் முடிவுக்கு வர முடியாது. காட்டு மீன் வாங்குபவர்களுக்கு நதியின் பெயர்தான் உண்மையிலேயே பயன்படும் முகவரி.

இப்போது தொட்டியில் பிறந்த மீன்களுக்கு வருவோம். வளர்ப்பில் முதலில் நடந்தது, கறுப்பைத் தொடாமல் நீலத்தைப் பெருக்கியது. அமெரிக்காவில் ஜாக் வாட்லியும் ஜெர்மனியில் டாக்டர் எடுவார்ட் ஷ்மிட் ஃபோக்கேயும் தலைமுறை தலைமுறையாக நீல வரி அதிகமுள்ள மீன்களையே ஜோடி சேர்த்தார்கள். அப்படித்தான் டர்க்காய்ஸ் வகைகள் வந்தன. செம்பழுப்பு உடம்பும் நீலப்பச்சை வரியும் மாறி மாறி வந்தால் ரெட் டர்க்காய்ஸ். நீல வரிகள் அகன்று, இடையிலுள்ள பழுப்பு நூலாக மெலிந்தால் பிரில்லியன்ட் டர்க்காய்ஸ். பழுப்பே மறைந்து வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சாலிட் டர்க்காய்ஸ், அல்லது கோபால்ட். இவை தனித்தனிப் பெட்டிகள் அல்ல. ஒரே ஈற்றுக் குஞ்சுகளில் மூன்றும் இருக்கலாம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த மீன்கள் எல்லாவற்றிலும் கண் வழியாக இறங்கும் அந்த முதல் பட்டை உட்பட ஒன்பது பட்டைகளும் அடியில் பத்திரமாக இருக்கின்றன. மிரட்டினால் வெளியே வரும்.

கோபால்டையும் ப்ளூ டைமண்டையும் பிரிப்பது அதை வைத்துத்தான். இரண்டும் பார்வைக்கு நீலத் தட்டுகள். ப்ளூ டைமண்ட் ஹாங்காங் பண்ணைகளில் இருந்து பிரபலமானது. அதற்கு முகத்தில்கூட வரி இல்லை, பட்டையும் இல்லை. ஒரே சீரான நீலம், அதில் பதித்த சிவப்புக் கண். மிரண்டால் மொத்த உடம்பும் சாம்பல் பூத்தாற்போல் மங்குமே தவிர பட்டை எழாது. கோபால்ட் என்றால் செவுளருகே மெல்லிய வரிகளின் மிச்சம் தெரியும், வலை உள்ளே வந்தவுடன் ஒன்பது நிழல்கள் எழும். கடையில் 'ப்ளூ டைமண்ட்' என்று எழுதிய தொட்டியில் வலையை விட்டுப் பார்த்தால் கோபால்ட் பல நேரம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டைகளின் எண்ணிக்கையே மாறியது ஸ்நேக் ஸ்கின்னில். மலேசியாவின் பினாங்கில் உருவான இந்த வகைக்கு ஒன்பதுக்குப் பதில் பதினான்கோ அதற்கு மேலோ பட்டைகள், ஒவ்வொன்றும் மெலிந்தவை. பட்டை மெலிந்து நெருங்கியதோடு, மேலே ஓடும் நீலக் கோலமும் பொடியாகச் சிதறிப் பாம்புத் தோலின் செதில் மாதிரி ஆகிவிட்டது. நுண்ணிய கோலம் எல்லாமே ஸ்நேக் ஸ்கின் என்று பலர் நினைக்கிறார்கள். கோலம் கண்ணை ஏமாற்றும், எண்ணிக்கை ஏமாற்றாது. எண்ணுவதற்கு நல்ல இடம் தொட்டி அல்ல, கவர். மீனைப் பிடித்துத் தண்ணீரோடு பிளாஸ்டிக் கவரில் போட்டவுடன் அது கொஞ்சம் மிரண்டுவிடும், பட்டைகள் தெளிவாக எழும். ரப்பர் பேண்ட் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணில் தொடங்கி வால்வரை விரலால் எண்ணுங்கள். பத்து விநாடி போதும். மீனையும் ரொம்ப நேரம் படுத்த வேண்டாம்.

லெப்பர்ட் வந்தது இந்த இடத்தில். ஸ்நேக் ஸ்கின்னின் நுண்கோலமும், ரெட் ஸ்பாட்டட் கிரீனின் செம்புள்ளியும் ஒன்றாக இணைந்தது என்று புரிந்துகொள்ளலாம். நல்ல லெப்பர்டில் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல், விலா முழுக்க ஒரே அளவில், துடுப்புவரை ஏறியிருக்கும். புள்ளிக்கு நடுவில் வெளிர்நிறம் தோன்றி வளையமானால் ரிங் லெப்பர்ட். அதன் அடியிலும் மெல்லிய பட்டைகள்தான் இருக்க வேண்டும்.

இனி பிஜன் பிளட். டிஸ்கஸ் உலகத்தை இதற்கு முன், இதற்குப் பின் என்று பிரிக்கலாம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் கிட்டி ஃபனைத்தி இதை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தார். பர்மா மாணிக்கக் கல்லின் உயர்ந்த சிவப்புக்குப் புறா ரத்தம் என்று பெயர் உண்டு. நகைக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயரே இந்த மீனுக்கும் வந்தது. பெயர் சிவப்பைச் சொல்கிறது. ஆனால் இதில் நடந்த மாற்றம் சிவப்பில் அல்ல, கறுப்பில். பட்டையாக வரிசை கட்டி நிற்க வேண்டிய கறுப்பு அணுக்கள் ஒழுங்கு கலைந்துவிட்டன. பட்டை எழவே எழாது. கறுப்பு நீங்கியதும் அதன் அடியில் இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளிச்சத்துக்கு வந்தன. சிதறிப்போன கறுப்பு, பொடிப் பொட்டுகளாக உடம்பிலும் துடுப்பிலும் அங்கங்கே தங்கிவிட்டது. அந்த மிளகுத்தூள்தான் பெப்பரிங்.

பிஜன் பிளட் வம்சத்தைக் கண்டுபிடிக்க என்னிடம் மூன்று கேள்விகள் உண்டு. கண் வழியே பட்டை இருக்கிறதா? மிரண்டால் உடம்பில் பட்டை எழுகிறதா? வால் அடியிலும் துடுப்பு விளிம்பிலும் மிளகுப் பொட்டு இருக்கிறதா? முதல் இரண்டுக்கு இல்லை, மூன்றாவதற்கு ஆம் என்றால், பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது பிஜன் பிளட் வழி வந்த மீன். செக்கர்போர்ட், ரெட் மெலன், மார்ல்போரோ ரெட், ஒயிட் பட்டர்ஃப்ளை எல்லாம் இந்தக் குடும்பம். செக்கர்போர்டில் வெளிர்நீலக் கோலம் சதுரங்கக் கட்டம்போல் உடைந்திருக்கும். மெலனிலும் மார்ல்போரோவிலும் கோலமே துடைக்கப்பட்டு உடம்பு ஒரே சிவப்பாக, முகம் மட்டும் வெளிர்ந்திருக்கும். பெப்பரிங்கைப் பண்ணைக்காரர்கள் தேர்வு செய்து தேர்வு செய்து குறைத்திருக்கிறார்கள். அதனால் மூன்றாவது கேள்வி உயர்ரக மீனில் சில நேரம் பதில் தராது, முதல் இரண்டும் எப்போதும் தரும்.

இந்த மரபு ஓங்குமரபு. பிஜன் பிளட் ஒன்றைப் பட்டையுள்ள சாதாரண மீனோடு சேர்த்தாலும் முதல் தலைமுறையிலேயே பிஜன் குஞ்சுகள் வந்துவிடும், பெரும்பாலும் பாதிக்குப் பாதி. பத்தே ஆண்டுகளில் உலகம் முழுக்க இந்த ரத்தம் கலந்ததற்கு இதுதான் காரணம். கடைக்குப் போய்ப் பட்டையுள்ள டிஸ்கஸை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம்.

வகையைத் தெரிந்துகொள்வது வெறும் பெயர் சொல்லும் விளையாட்டு அல்ல என்பதைப் பிஜன் பிளட்டைப்போல எதுவும் காட்டாது. டிஸ்கஸ் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் உடம்பில் ஒட்டிக்கொண்டு, தோலில் சுரக்கும் சளியைத் தின்று வளர்கின்றன. சில வாரங்கள் அதுதான் அவற்றின் தாய்ப்பால். அந்த நாட்களில் பட்டையுள்ள பெற்றோரின் உடம்பு கருத்துப்போகும். குஞ்சுகள் கருமையை நோக்கி நீந்தும் இயல்புடையவை, நேரே அம்மாவிடம் போய்ச் சேரும். பிஜன் பிளட்டுக்குக் கருக்கத் தெரியாது. வெளிர் மஞ்சளாக நிற்கும் தாயைக் குஞ்சுகளால் கண்டுபிடிக்க முடியாமல், தொட்டியில் எது கறுப்பாக இருக்கிறதோ அதைத் தேடிப் போகும். கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரின் மேல் நூறு குஞ்சுகள் ஈயாக மொய்த்துக் கொண்டிருக்க, இரண்டடி தள்ளி அந்த ஜோடி அவற்றுக்காகச் சுற்றிச் சுற்றி வந்ததை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஃபில்டரை வெளியே எடுத்து, ஹீட்டரையும் கழற்றி, வெளிச்சத்தைக் குறைத்த பிறகு சாயங்காலத்துக்குள் முக்கால்வாசிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டன. மீதி பிழைக்கவில்லை. ஜோடியில் ஒன்று டர்க்காய்ஸாக இருந்தால் இந்தத் தவிப்பு குறைவு. அதற்காகவே அப்படி ஜோடி சேர்ப்பவர்கள் உண்டு.

நோயிலும் இதே கதை. பட்டையுள்ள மீன் உடம்பு சரியில்லாமல் போனால் முதல் நாளே கருத்து மூலையில் ஒதுங்கும், வீட்டில் யார் பார்த்தாலும் தெரியும். பிஜன் பிளட் கடைசிவரை அதே ஆரஞ்சில் நிற்கும். அதனால் இந்த வம்சத்து மீனுக்கு நிறத்தை நம்பக் கூடாது. செவுள் ஒரு பக்கம் மட்டும் அசைகிறதா, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறதா, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறதா, தீனி போட்டால் முன்னால் வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பின்னணிக்கும் பொறுப்பு உண்டு. கறுப்பு பேக்கிரவுண்டும் கறுப்பு மணலும் போட்டால் மிளகுத்தூள் கூடிக்கொண்டே போய்ச் சில மாதங்களில் மீன் கரிபடிந்த மாதிரி ஆகிவிடும். வெளிர்நீலமோ வெள்ளையோ போடுங்கள். அழகான மீனைக் கறுப்புத் தொட்டியில் விட்டுவிட்டு, தரமில்லாத மீனைத் தந்துவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் பலர்.

சிவப்பு மீன் எல்லாமே பிஜன் பிளட் என்ற முடிவுக்கும் போய்விட வேண்டாம். கீழ் அமேசானில் அலெங்கேர் என்ற ஊர்ப் பக்கம் இயற்கையிலேயே செங்கல் நிறம் ஓடும் காட்டு டிஸ்கஸ்கள் உண்டு. அவற்றின் வழியில் வந்த சிவப்பு மீன்களின் நிறம் வேறு. ரெட் மெலன் மீனின் சிவப்பு தர்பூசணிச் சதை மாதிரி கண்ணைப் பறிக்கும். அலெங்கேரின் சிவப்பு சுட்ட மண்ணின் சிவப்பு, ஆழமானது, நாளாக ஆகக் கூடுவது. சந்தேகம் வந்தால் மறுபடி கண்ணுக்குப் போங்கள். பட்டை இருந்தால் அலெங்கேர் வழி, இல்லாவிட்டால் பிஜன் வழி. எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன், அந்த மண் சிவப்புதான்.

கறுப்பு முழுதாகவே இல்லாத மீன் ஆல்பினோ. இதில் நடக்கும் பிழை கண்ணைச் சார்ந்தது. 'சிவப்புக் கண், அதனால் ஆல்பினோ' என்கிறார்கள். நல்ல டிஸ்கஸ் பலவற்றுக்கும் கருவிழியைச் சுற்றிய வளையம் சிவப்பாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது நடுவில் உள்ள பாவை. அது கறுப்பாக இருந்தால் ஆல்பினோ அல்ல. பாவையே இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தால் ஆல்பினோ. இது ஒடுங்குமரபு, தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அதனால் விலையும் கூடுதல். பலமான வெளிச்சம் இந்தக் கண்களுக்கு ஆகாது. தீனியைத் தேடுவதிலும் மற்ற மீன்களைவிட ஒரு நொடி பின்தங்கும். கலந்து வளர்த்தால் அதற்குத் தனியாகப் பார்த்துப் போட வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது வளர்ந்த மீனுக்கு. நம் ஊரில் பெரும்பாலோர் வாங்குவது இரண்டு, இரண்டரை அங்குலக் குஞ்சுகளை. அந்த வயதில் பட்டையுள்ள வகைகளின் குஞ்சுகள் மங்கிய பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். முகத்தில் கொஞ்சம் நீலம் எட்டிப் பார்த்தால் அதுவே நல்ல அறிகுறி. நிறம் மூன்று நான்கு அங்குலத்தில் ஏறத் தொடங்கி, ஒரு வயதைத் தாண்டித்தான் முழுமை பெறும். பிஜன் குஞ்சுகள் மட்டும் சிறு வயதிலேயே மஞ்சளாகத் தெரியும். இது தெரியாத காலத்தில், இரண்டரை அங்குலத்தில் நீலம் கொட்டிக் கிடந்த ஆறு டர்க்காய்ஸ்களை ஒரு கடையில் ஆசையாக வாங்கினேன். இரண்டு மாதத்தில் நீலம் ஒவ்வொரு நாளும் கரைவது கண்ணெதிரே தெரிந்தது. தண்ணீரை மாற்றினேன், தீனியை மாற்றினேன், பிரயோஜனமில்லை. அப்புறம்தான் ஒரு பெரியவர் சொன்னார், அவை ஹார்மோன் கலந்த தீனி தின்ற குஞ்சுகள் என்று. ஆண் ஹார்மோன் கொடுத்தால் வளர்ந்த மீனின் நிறம் குஞ்சிலேயே வந்துவிடும். நிறுத்தினால் போய்விடும். அதோடு இனப்பெருக்கத் திறனும் பாழாகலாம். என் ஆறில் ஒன்றுகூட முட்டையிடவில்லை. ஆகவே வயதுக்கு மீறிய நிறத்தைப் பார்த்தால் தயங்குங்கள். முடிந்தால் தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள், குஞ்சின் நிறத்தைவிட அது நம்பகமான சாட்சி. சிவப்பைக் கூட்டும் அஸ்டாக்ஸாந்தின் தீனி வேறு விஷயம், கெடுதல் இல்லை. ஆனால் அந்தத் தீனியை நிறுத்தியபின் தங்கும் சிவப்புதான் மீனின் சொந்தச் சிவப்பு.

வெளிச்சத்தையும் மறந்துவிடக் கூடாது. கடைத் தொட்டிகளில் இளஞ்சிவப்பு, ஊதா டியூப்கள் எரியும். அதன் கீழ் சுமாரான மெலனும் ரத்தமாகச் சிவந்து நிற்கும். நீலம் ஒளியின் கோணத்தில் பிறப்பது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்போது ஒரு நிறமும், முன்னிருந்து விழும்போது வேறு நிறமும் தெரியும். நான் போனில் உள்ள வெள்ளை டார்ச்சைத்தான் நம்புகிறேன். கடைப் பையனிடம், "தம்பி, லைட்டை ஒரு நிமிஷம் அணைப்பா" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, கறுப்பு மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். மீனின் கண்ணில் நேராக அடிக்க வேண்டாம்.

அன்று அந்தக் கல்லூரிப் பையனோடு இதையேதான் செய்தோம். லைட்டை அணைத்தார்கள். இரண்டாவது தொட்டியின் ஆரஞ்சு மீன், டார்ச் வெளிச்சத்தில் துடுப்பு விளிம்பு முழுக்க மிளகோடு நின்றது. கண்ணில் பட்டை இல்லை. கோலம் கொஞ்சம் உடைந்த செக்கர்போர்ட் அது, நல்ல ஆரோக்கியமான மீன்தான், பெயர்தான் அதனுடையது அல்ல. முதல் தொட்டியில் இருந்து ஒன்றைப் பிடித்துக் கவரில் போடச் சொன்னோம். பையன் கவரை வாங்கி வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்தான். முதலில் ஒன்றும் இல்லை. மீன் ஒரு முறை திரும்பியது, உடனே விலாவில் நிழல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கண்ணில் விரலை வைத்து வாலை நோக்கி நகர்த்திக்கொண்டே போனான், உதடு அசைய.

"பதினஞ்சுண்ணா," என்றான்.